சறுக்கின் அடியில் கிடந்த ஆணிகள்

எனக்குக் கோபம் கூட. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்னர் டொக்டர் என் கையில் பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தத்தை அளந்து, முகத்தைச் சுழித்து, இரண்டாம் தரமும் அளந்துவிட்டு, தினமும் ஒரு மணித்தியாலம் நடக்கச் சொன்னார். நடந்தேன். கனடாவில், மோர்னிங்சைட்டில் எங்கள் தெருவைச் சுற்றி நாலு நாள் நடந்தேன். ஐந்தாம் நாள், வளர்ந்த மனிதன் ஒருவன் ஒரு வேலையும் இல்லாமல் புறப்பட்டு, சுற்றி வந்து, அதே வாசலில் ஏறுவது எவ்வளவு மடைத்தனம் என்று யோசித்து யோசித்தே எனக்கு அழுத்தம் ஏறியது. அதற்குப் பிறகுதான் உலோகம் தேடுகிற மெஷினை வாங்கினேன்.

ஒரு நீளத் தடி. நுனியில் சாப்பாட்டுக் கோப்பை அளவில் ஒரு வட்டத் தட்டு. கைப்பிடிக்குப் பக்கத்தில் சின்னத் திரை. தட்டை நிலத்தோடு ஒட்டினாற்போல இடமும் வலமும் வீசிக்கொண்டு மெல்ல நடக்கவேண்டும். கீழே வெள்ளியோ பித்தளையோ கிடந்தால் ஹெட்ஃபோனில் கீச்சென்று கேட்கும். இரும்பென்றால் பன்றி மாதிரி உறுமும். ஆனால் இரும்பை யாரும் தேடுவதில்லை. துருப்பிடித்த கம்பியையும் ஆணியையும் கிண்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? அதனால் இரும்பின் சத்தத்தை அடைத்துவைக்க மெஷினில் ஒரு வழி இருக்கிறது. வாங்கிய நாளிலேயே அடைத்துவிட்டேன்.

நான் போவது பிள்ளைகள் விளையாடுகிற பார்க்குகளுக்கு. அங்கே மணல் போட்டிருப்பார்கள், என் முதுகுக்கு மணல்தான் தோது. ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்குகிற பிள்ளையின் பொக்கெற்றிலிருந்து விழாத சாமான் இல்லை. விடியக் காலையில், பிள்ளைகள் வருமுன் போய், பிள்ளைகள் வந்ததும் எழும்பிவிடுவேன்.

சனத்துக்கு இதில் ஒரே ஒரு பகிடிதான். "அண்ணை, கண்ணிவெடி தேடுறியளோ?" கல்யாண வீட்டில் கேட்பார்கள். தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிற இடத்தில் கேட்பார்கள். தான்தான் இதை முதன்முதலில் கண்டுபிடித்ததாக ஒவ்வொருவருக்கும் எண்ணம். என்னோடு படித்த ஒருவன் சண்டை முடிந்தபிறகு ஊரில் அந்த வேலையைச் செய்தான். முகத்துக்குத் தடுப்புப் போட்டு, முழங்காலில் இருந்து, ஒரு சாண் நிலத்துக்கு அரை நாள் எடுப்பான். நான் சோடா மூடி கிண்டுகிறேன். இரண்டையும் ஒன்றாக வைத்துச் சிரிக்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. "உங்கட முகமே பதில்தானே" என்பா என் மனைவி.

போன வருடம் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. வழக்கம்போல மச்சான் காரோடு வந்தார். மச்சான் என்றால் என் மனைவியின் தமையன்; அவருக்கு நானும் மச்சான்தான். கால் நூற்றாண்டு இந்த நகரத்தில் டாக்சி ஓட்டி, முழங்கால் இரண்டும் தேய்ந்து, இப்போது வீட்டில் இருக்கிறார். அவர் தேடுவதில்லை. மடக்குக் கதிரையை விரித்துப் போட்டு, பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி, மீன் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு, நான் எடுக்கிற ஒவ்வொரு சாமானைப் பற்றியும் கருத்துச் சொல்வார். அதுதான் அவருக்கு நடைப்பயிற்சி.

முதல் பார்க்கில் காலை ஏழு மணிக்கே இறங்கினோம். ஊஞ்சலுக்குக் கீழே ஒரு விளையாட்டுக் கார், சில்லில்லாமல். பிறகு தலைக்குக் குத்துகிற பித்தளைக் கிளிப்புகள். பல்லை நிமிர்த்தப் போடுகிற கம்பி ஒன்று, ரோசாப்பூ நிறத் தகட்டோடு.

"உதுக்குத் தாய் தகப்பன் எவ்வளவு அழுதிருக்குங்கள்" என்றார் மச்சான்.

"உதைத் துலைச்ச பிள்ளைதான் அழுதிருக்கும்."

கடலை சாப்பிட்டால் மூச்சடைக்கும் என்று பொறித்த ஒரு கைச்சங்கிலி கிடைத்தது. அதைக் கண்டதும் எனக்குச் சுர்ரென்று வந்தது. பிள்ளையின் கையில் பூட்டிவிட்டு, பூட்டு இறுகினதா என்று ஒருதரம் இழுத்துப் பார்க்க முடியாதா? மச்சான் சிரித்தார். "காலமை ஏழரைக்கே துவங்கியிட்டியா?" என்றார். அந்தச் சங்கிலியை ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டு வேலிக் கம்பியில் கட்டினேன். கொலுசிலிருந்து கழன்ற ஒரு மணியும் வந்தது. நிச்சயமாக எங்கள் ஆட்களின் பிள்ளைதான். அதைக் கட்டவில்லை. ஒற்றை மணியை யார் தேடி வரப்போகிறார்கள்.

மணலின் கரையில், மேப்பிள் மரத்துக்குக் கிட்ட, நல்ல பெரிய சத்தம் ஒன்று. முழங்கை ஆழத்தில் ஒரு அலுமினிய மிட்டாய்ப் பேணி. மூடி பசை நாடாவால் சுற்றியிருந்தது. மச்சான் கதிரையை விட்டு எழும்பியே வந்துவிட்டார். திறந்தோம். உள்ளே கழிவறைக் கடதாசி மெத்தை. அதன்மேல் பெருவிரல் அளவில் எலும்புக்கூடு, சின்னச் சின்னப் பற்களோடு. வளர்த்த எலியாக இருக்கவேண்டும். மடித்த கடதாசி ஒன்றும் இருந்தது. கலர்ப் பென்சிலால், எழுத்துப் பிழைகளோடு, ஆங்கிலத்தில் இப்படி: "தயவுசெய்து தோண்ட வேண்டாம். இவன் நித்திரை."

மச்சான் கடதாசியைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார். கடித்த ரோல்ஸைப் பிறகு தொடவில்லை. நான் மூடியைப் பழையபடி அழுத்தி, இன்னும் ஆழமாகத் தோண்டிப் புதைத்து, மேலே காலால் மிதித்தேன். யாரோ ஒரு பிள்ளை அவ்வளவு மரியாதையாகக் கேட்டும் நான் தோண்டிவிட்டேன் என்பது காலை முழுக்க என்னைத் தின்றது.

அந்தப் பேணியோடு மெஷினின் பற்றரி செத்தது. போன கிழமை டிக்கியில் வைத்தபோது மச்சான் அணைக்க மறந்துபோனார். நான் கத்தினேன். அவர் காரை எடுத்துப்போய்ப் புதிதாக வாங்கிக்கொண்டு வந்தார். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பற்றரியைக் கழற்றி மாற்றினால் அந்த மெஷின் எல்லாவற்றையும் மறந்துபோகும். கடையிலிருந்து வந்தமாதிரியே ஆகி, இரும்புக்கும் உறுமும். அதுவரை பற்றரியைக் கழற்றாமலே சார்ஜ் ஏற்றிவந்ததால் அது எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாவது பார்க் எனக்குப் பழக்கமான இடம். உயரமான அப்பார்ட்மென்ற் கட்டடம் ஒன்றுக்கும் வரிசை வீடுகளுக்கும் நடுவில் இருக்கிறது. நல்ல பெரிய சறுக்கு, ஏறுகிற வலை, பக்கத்தில் வெயிலுக்கு ஒதுங்க ஒரு கூரைக் கொட்டில். அந்த வருடம் மட்டும் நாலைந்து தரம் போயிருப்பேன். நாங்கள் போய்ச் சேர ஒன்பது மணி தாண்டிவிட்டது. இருந்தாலும் ஒரு பிள்ளையும் இல்லை.

சறுக்கு முடிகிற இடத்தில் தட்டை வைத்தேன். உறுமியது. நகர்த்தினேன், உறுமியது. இன்னும் ஒரு அடி நகர்த்தினேன், இரண்டு மூன்று உறுமல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மெஷின் பழுதாகிவிட்டது என்று மச்சானைப் பார்த்து முறைத்தேன். பிறகு குனிந்து கைமண்வெட்டியால் கிளறினேன்.

ஆணி. அரைவிரல் நீளம், அகலமான தட்டைத் தலை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மணலை அரித்தால் மூன்று. எல்லாம் மேலாகவே கிடந்தன. ஒரு விரற்கடை ஆழத்தில்.

அந்த ஆணியை எனக்கு யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கனடா வந்து முதல் ஒன்பது வருடங்கள் நான் கூரைக்கு ஓடு மாதிரி ஷிங்கிள் தகடு அடித்தவன். ரூஃபிங் ஆணி. தலை அகலமென்பதால் தலை கீழே போய்க் கூர் மேலே பார்த்துக்கொண்டு கிடக்கப் பார்க்கும். திரும்பிக் கொட்டிலைப் பார்த்தேன். கூரை புதிது. ஷிங்கிளில் இன்னும் மினுக்கம் போகவில்லை. அந்த வசந்தத்தில் பழையதைக் கிழித்து மணலுக்குள் எறிந்திருக்கிறார்கள். பெரிய துண்டுகளைப் பொறுக்கி ஏற்றிவிட்டு, மணலை வாரியால் இழுத்துச் சமப்படுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்வைக்குத் துப்புரவு. கூரை வேலை முடிந்தால் ஒரு மக்னெற் தடி இருக்கிறது, நுனியில் காந்தமும் சில்லும் பூட்டியது, அதை நிலம் முழுக்க உருட்டவேண்டும். அரை மணித்தியால வேலை. அதைச் செய்யவில்லை.

இன்னொன்றும் விளங்கியது. அதே வசந்தத்தில் நானும் இந்த மணலில் மெஷினைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரமாவது நடந்திருக்கிறேன். இரும்பை அடைத்துவைத்துவிட்டு. இந்த ஆணிகளுக்கு மேலால், கிளிப்பும் சில்லறையும் தேடிக்கொண்டு.

முழங்காலில் இருந்து பொறுக்கத் தொடங்கினேன். மச்சான் பழைய ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றைக் காரிலிருந்து எடுத்துத் தந்தார். ஊஞ்சல் பக்கம் போகவே இல்லை. சறுக்கின் அடியில் பொறுக்கிய ஆணிகளிலேயே பெட்டியின் அடி மறைந்துவிட்டது. கோபத்தில் பார்க்காமல் அள்ளினேன். இரண்டு விரலில் இரத்தம்.

"எக்ஸ்கியூஸ் மீ." பின்னால் ஒரு பெண்குரல். ஆங்கிலத்தில் கேட்டாள்: "மணலுக்குள்ள என்ன போடுறீங்க?"

திரும்பினேன். முப்பது வயது இருக்கும். ஒரு கையில் நாலு வயதுப் பெண்பிள்ளை. மற்றக் கையில் ஃபோன், என் முகத்துக்கு நேரே. படம் பிடிக்கிறாள்.

அவள் கண்டதை இப்போது என்னால் விளங்கிக்கொள்ள முடிகிறது. பிள்ளைகளின் சறுக்குக்கு அடியில் வயதுபோன மனிதன் ஒருவன், கையில் ஒரு பெட்டி ஆணி. ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "போடுறனோ?" என்றேன். "போடுறனோ? எடுக்கிறன்! எடுக்கிறன்!" தமிழில் கத்தினேன். எழும்பினேன். கையில் இரத்தமும் மண்வெட்டியும். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலடி பின்னால் போனாள். ஃபோனை மட்டும் இறக்கவில்லை.

"மச்சான், மண்வெட்டியைக் கீழ போடு" என்றார் மச்சான், கதிரையில் இருந்தபடியே, மெதுவாக.

"நான் ஏன் போட?"

"போடு எண்டுறன்."

போட்டேன். அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓ," என்றாள். "நீங்க தமிழா, அங்கிள்?" அவளுடைய முகத்தில் வந்தது நிம்மதி இல்லை. வெட்கம். ஐயோ, எங்கட ஆள் என்கிற வெட்கம். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

பார்க்கின் மறுகரையில், நாயை அவிழ்த்துவிட்ட ஒருவருக்கு விதி சொல்லிக்கொண்டிருந்தான் சீருடைக்காரன் ஒருவன். பார்க்குகளில் ஒழுங்கு பார்க்கிற உத்தியோகம். அவள் கையைக் காட்டி அவனைக் கூப்பிட்டாள். என் மூத்த மகளைவிட இளையவன். வந்ததும் முதலில் பார்த்தது என் மண்வெட்டியை, அடுத்தது நான் கிளறின குழியை. பெட்டியை மூன்றாவதாகத்தான் பார்த்தான்.

"பார்க்குக்குள் தோண்டக்கூடாது, தெரியுமா?" என்றான்.

நான் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். எனக்கு ஆங்கிலம் வரும். வேலைத்தலத்தில் கதைக்கிறேன், வங்கியில் கதைக்கிறேன். ஆனால் கோபம் வந்தால் என் ஆங்கிலம் முதல் ஆளாக வீட்டுக்குப் போய்விடும். கூரையைக் காட்டினேன். ஆணியைக் காட்டினேன். "தே டிட். நொட் மீ. தே டிட்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல, நான்தான் செய்தவன் மாதிரி எனக்கே கேட்டது. அவன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, "ஸேர், காம் டவுன்" என்றான். உலகத்தில் அந்த வார்த்தையைக் கேட்டு அமைதியான ஒரு மனிதனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

மச்சான் எழும்பி வந்தார். இருபத்தைந்து வருடம் குடிகாரர்களையும் அவசரக்காரர்களையும் பின்சீற்றில் ஏற்றிய மனிதர். அவருக்குக் குரலை உயர்த்தவே தெரியாது. மெஷினை எடுத்து அந்தப் பெடியனிடம் நீட்டினார். "நீங்களே பாருங்கோவன்" என்பதை நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். "ஊஞ்சலுக்குக் கீழே பாருங்கள். இவர் இன்னும் அங்கே போகவில்லை. அங்கே மணல் கலையவில்லை, தெரிகிறதுதானே."

அவன் தயங்கினான். பிறகு ஹெட்ஃபோனைத் தொப்பிக்கு மேலால் மாட்டிக்கொண்டு, தட்டை ஊஞ்சலுக்குக் கீழே பிடித்தான். அவனுடைய முகம் மாறுவதை மூன்று பேரும் பார்த்தோம். சப்பாத்து நுனியால் தட்டினான், பிறகு குந்தியிருந்து விரலால் கிளறினான். ஒரு ஆணியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பக்கத்தில் இன்னொன்று.

"ஜீஸஸ்" என்றான்.

அந்தப் பெண் ஃபோனை இறக்கினாள். பிள்ளையின் காலைத் தூக்கிச் சப்பாத்தின் அடியைப் பார்த்தாள். மற்றக் காலையும் பார்த்தாள்.

இனியாவது ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். அவன் ரெலிபோனில் யாரோடோ கதைத்தான், காத்திருந்தான், மறுபடி கதைத்தான். கடைசியில் வந்து சொன்னது இதுதான்: அறிவித்தாகிவிட்டது. கிழமை நாளில்தான் ஆட்கள் வருவார்கள். மூடிக் கட்டுகிற நாடா அவனுடைய வாகனத்தில் இல்லை. பிறகு, மிகவும் சங்கடப்பட்டுக்கொண்டு, எனக்கு ஒரு கடதாசி எழுதித் தந்தான். எச்சரிக்கை. அனுமதியில்லாமல் தோண்டியதற்கு.

"முறைப்பாடு வந்ததால் எழுதத்தான் வேண்டும்" என்றான். "அபராதம் இல்லை."

நான் அந்தக் கடதாசியை வாங்கி நாலாக மடித்தேன். கிழிக்கவில்லை. மச்சான் என் முழங்கையைப் பிடித்திருந்தார்.

அவன் போனபிறகு அந்தப் பெண் கிட்ட வந்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். "அங்கிள், நீங்க ஃபர்ஸ்டே காமா எக்ஸ்ப்ளெய்ன் பண்ணியிருந்தா இவ்வளவு வந்திருக்காது" என்றாள்.

"பிள்ளை, நீர் கேட்டது என்ன? என்ன எடுக்கிறியள் எண்டோ கேட்டனீர்? என்ன போடுறியள் எண்டெல்லோ கேட்டனீர்!"

அவள் ஃபோனைப் பைக்குள் வைத்தாள். பிறகு பிள்ளையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெயில் ஏற ஏறப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். விட்டுவிட்டுப் போகமுடியுமா? மச்சானின் கதிரையைச் சறுக்கின் அடியில் வைத்து நான் இருந்தேன். மச்சான் ரோல்ஸ் கொண்டுவந்த கடதாசிப் பெட்டியைக் கிழித்து, ஆங்கிலத்தில் 'ஆணிகள், விளையாட வேண்டாம்' என்று எழுதி ஏணியில் கட்டினார். சிலர் வாசித்து, நன்றி சொல்லிப் போனார்கள். ஒரு தகப்பன், கதிரை போட்டு மறிக்க நீ யார் என்று கேட்டான். பெட்டியை அவனுக்கு முன்னால் பிடித்தேன். அதற்குப் பிறகும் அவனுடைய மகன் வலையில் ஏறித்தான் இறங்கினான்.

அங்கே இருந்தபோதுதான் மச்சானிடம் அதைச் சொன்னேன். முப்பது வருடமாக மனைவிக்கும் சொல்லாதது. அந்த நாளில் எங்கள் முதலாளியும் தமிழர்தான். ஒரு வீட்டுக் கூரையை முடித்து இறங்கினோம். பின்வளவில் புல், நடுவில் நீல நிறத்தில் பிள்ளைகள் குளிக்கிற பிளாஸ்ரிக் தொட்டி, தண்ணீருக்குமேல் ஷிங்கிள் தூள் மிதந்தது. நான் மக்னெற் தடியை இறக்கினேன். "உதை விடு, மழைக்கு முன்னம் அடுத்த வீட்டைத் திறக்கவேணும்" என்றார் முதலாளி. வான் வண்டியில் ஏறப்போன நேரம் வீட்டுக்கார மனுசி வந்து, புல்லெல்லாம் பார்த்தீர்களா என்று என்னைத்தான் கேட்டா. முதலாளியைக் கேட்கவில்லை. "யெஸ். ரூ ரைம்ஸ்" என்றேன். ஒருதரமும் பார்க்காதவன் இரண்டுதரம் என்று சொன்னேன். அவ எனக்கு நன்றி சொன்னா.

மச்சான் பிளாஸ்கை எடுத்து மூடியைத் திருகினார். "பிறகு ஏதும் நடந்ததோ?" என்றார்.

"தெரியாது. ஆர் வந்து எனக்குச் சொல்லுறது?"

"அப்ப நீ இப்ப ஆரில கோவிக்கிறாய்?"

"எல்லாரிலயும்."

அவர் தேத்தண்ணியை ஊற்றித் தந்தார். ஆறிப்போயிருந்தது.

பின்னேரம் ஐந்து மணிக்கு, ஒஷாவாவில் இருக்கிற என் இளைய மகள் ஃபோன் எடுத்தாள். "அப்பா, வட் டிட் யூ டூ? நீங்கள் ஏதோ பார்க்கில நிண்டு கத்துற வீடியோ ஒண்டு வந்திருக்கு." அந்தப் பெண் முதலில் பிடித்த துண்டு. அந்த வட்டாரத்துத் தாய்மாரின் குழுவில் போட்டிருக்கிறாள், அங்கிருந்து தமிழ்க் குழுக்களுக்குப் பரவியிருக்கிறது. இரத்தக் கை, மண்வெட்டி, என் வாய். சறுக்கில் ஆணி புதைக்கும் மனிதன் என்று யாரோ தலைப்பும் வைத்திருக்கிறார்கள். மகளுக்கு நடந்ததைச் சொன்னேன். அவள் அழுதாள். அவள் அழுததால் எனக்கு வந்த கோபத்தை நான் எழுதப்போவதில்லை.

மறுநாள் காலை, இரும்புச் சாமான் கடையில் ஒரு மக்னெற் தடி வாங்கிக்கொண்டு திரும்பவும் போனோம். எச்சரிக்கைக் கடதாசியில் தோண்டக்கூடாது என்றுதான் இருந்தது, உருட்டக்கூடாது என்று இல்லை. போனால் அந்தப் பெண் ஏற்கனவே அங்கே நிற்கிறாள். பிள்ளையைக் கொண்டுவரவில்லை. கையில் தோட்டத்து வாரி. எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது, கையுறையில் மணல் அப்பியிருந்தது.

"வீடியோவை அழிச்சிட்டன், அங்கிள்," என்றாள். "நடந்ததை எழுதிப் போட்டிருக்கிறன். உங்களிட்ட சொறி எண்டும் போட்டிருக்கிறன்."

"எத்தினை பேர் பாத்தவை?"

"எதை?"

"முதல் போட்டதை எத்தினை பேர், ரெண்டாவதை எத்தினை பேர்?"

அவள் குனிந்து வாரியின் பல்லில் சிக்கிய புல்லை எடுத்தாள். அதுவே பதில். நான் பரவாயில்லை என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்று சொல்லக்கூடிய விஷயமில்லை அது. அவள் வாரியால் மணலைக் கிளறிவிட்டாள், நான் பின்னால் மக்னெற்றை உருட்டினேன். கிளிக், கிளிக் என்று ஒட்டிக்கொண்டு வந்தன. இரண்டு மணித்தியாலம் அப்படி நடந்தோம். மச்சான் மட்டும் அவளிடம் ஊர் எது, மாமா மாமி யார், பிள்ளைக்கு இருமலோ என்றெல்லாம் கேட்டு, ஒரு ரோல்ஸையும் சாப்பிடவைத்துவிட்டார். போகும்போது அவள் என்னிடம், "நாளைக்கும் வாறன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. ஆனால் சொன்னபடி அடுத்த நாளும் வந்தாள்.

புதன்கிழமைதான் ஆட்கள் வந்தார்கள். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். தற்காலிக வேலி அடித்தார்கள். சின்ன இயந்திரம் ஒன்று மணலை முழுதாக அள்ளி லொறியில் போட்டது. நல்ல வேலைதான். அதைக் குறை சொல்லமாட்டேன். மேற்பார்வை பார்த்தவரிடம், கொட்டில் கூரையைப் போட்டது எந்தக் கொம்பனி என்று கேட்டேன். தனக்குத் தெரியாது, அது வேறு பகுதி என்றார். வேறு பகுதியை எங்கே கேட்பது? அதுவும் தெரியாது. யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லோரும் நல்ல பிள்ளைகள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. கத்துவதற்கு ஒரு முகமாவது வேண்டாமா?

லொறி நிறைந்ததும் எனக்கு வேறொன்று உறைத்தது. சாரதியிடம் ஓடிப்போய், "இந்த மணல் எங்கே போகிறது?" என்றேன். "நான் ஓட்டுகிறவன் மட்டும்தான்" என்று கண்ணாடியை ஏற்றினான்.

இதை அரித்து வேறொரு பார்க்கில் கொண்டுபோய்க் கொட்டினால்?

மச்சான் காரை ஸ்ரார்ட் பண்ணிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "பின்னால போவமோ?" என்றார்.

ஏறினேன். டாக்சிக்காரருக்கு ஒரு லொறியைப் பின்தொடர்வது பெரிய வேலையில்லை. இருபது நிமிடம் கிழக்கே ஓடி, லொறி ஒரு பெரிய இரும்புப் படலைக்குள் நுழைந்தது. படலையடியில் மஞ்சள் உடுப்புப் போட்ட ஒரு மனுசி, கையில் பட்டியலோடு. நான் இறங்கிப்போய், அந்த மணலில் ஆணி இருக்கிறது, அதை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். ஒரு சொல் தடுக்காமல் ஆங்கிலத்தில் கேட்டேன். அவ பட்டியலைப் பார்த்தா. அழுக்கு மண் என்று போட்டிருக்கிறது, குப்பைமேட்டுக்குத்தான் போகும், பார்க் எதற்கும் திரும்பாது என்றா. இன்னொருதரம் சொல்லச் சொன்னேன். சொன்னா. மூன்றாம் தரமும் கேட்டேன்.

"நீங்கள் நகரசபை ஆளா?" என்று கேட்டா.

"இல்லை" என்றேன். "ரூஃபர்."

அவ தலையாட்டிவிட்டு அடுத்த லொறியைப் பார்க்கப் போய்விட்டா. உள்ளே மணலைக் கொட்டுகிற சத்தம் கேட்டது. முடியும்வரை நின்றேன். பிறகு மச்சானுக்கு மூத்திரம் முட்டிவிட்டது, கோப்பிக் கடை ஒன்றைத் தேடிக்கொண்டு போனோம்.